கடைசி மூன்று தையல்

நவம்பர் 12, புதன்

பெனி, நீ சொன்னபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். "போட்டோல உன் மூஞ்சி போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிறா மாதிரியே கீதும்மா. எழுதி எடுத்துக்கினு வா, நான் படிச்சுக்கறேன்" என்று கையில் திணித்தாயே, அந்த நோட்டுத்தான். கோலாலம்பூரில் விமானம் மாற ஐந்து மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி எழுதவில்லை. இப்போது உன் அப்பா குளிக்கப் போயிருக்கிறார், எழுதுகிறேன்.

சைகோன் விமான நிலையத்தில் வெளியே வந்ததும் முதலில் அவர் ஷூவைத்தான் பார்த்தேன். பதினெட்டு வருஷம் ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர் என்கிற மேல்தோல் தைத்தவளுக்கு, ஆளுக்கு முன்னால் கால்தான் கண்ணில் படும். பழைய ஷூ, ஆனால் பாலிஷ் பளபளவென்று இருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது. அவ்வளவு இளைப்பு.

"இன்னாங்க இது, பாதி ஆளாயிட்டீங்க?"

"இந்த ஊரு சோறு லேசு, எப்சி. துன்னதும் எறங்கிடுது" என்று சிரித்தார். சிரிப்பு மட்டும் அதேதான்.

அவர் சூப்பர்வைசராக இருக்கிற ஷூ கம்பெனியின் குவார்ட்டர்ஸ் ஊருக்கு வெளியே ஒரு மணி நேரமாம், அங்கே பெண்கள் தங்கக் கூடாதாம். அதனால் எனக்காக ஒரு வாரத்துக்கு முன்னால் இந்த அறையை எடுத்தாராம். சந்துக்குள் சந்து, மூன்றாவது மாடி, ஒரு கட்டில், ஒரு மின்விசிறி. சுவரில் உன் படத்தை மாட்டிய ஆணி துருப்பிடித்திருக்கிறது. முன்னால் இருந்தவர்கள் அடித்த ஆணியாக இருக்கும். கீழ்வீட்டு அம்மாள் அவரைப் பார்த்ததும் ஏதோ அதட்டினாள், அவரும் அவள் பாஷையிலேயே பதில் சொன்னார். ஒரு வாரத்தில் நல்ல பழக்கம்தான்.

வந்த விஷயம் உனக்கும் எனக்கும் தெரியும். இரண்டு கிறிஸ்துமஸ் அவர் இல்லாமல் போயிற்று. போனில் கேட்டால் "பாக்கலாம்" என்கிறவர், நேரில் கேட்டால் என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான் வந்தேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இன்றைக்குக் கேட்கவில்லை. வந்த கால் ஆறுவதற்குள் கேட்டால் சண்டைக்கு வந்தவள் போல இருக்கும்.

"ஆர்டர் பீக்ல கீது, லீவு தரல. ஆனா நீ ரூம்ல மொடங்கிக் கெடக்கக் கூடாது. டெய்லி ஒரு டூர் சொல்லி வெச்சிருக்கேன்" என்றார்.

நான் ஊர் பார்க்கவா வந்தேன் என்று வாய்வரை வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மக்கன் பேடா இனிப்பு டப்பாவைத் திறந்து நீட்டினேன். இரண்டு சாப்பிட்டார்.

நவம்பர் 13, வியாழன்

காலை ஏழு மணிக்கு அப்பா கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு போனார். என்னைச் சந்து முனையில் டூர் வேனில் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

வழிகாட்டியின் பெயர் துவான். வாட்டசாட்டமான ஆள், நகைச்சுவை நிறைய. வேனில் ஜெர்மன்காரர்கள், ஒரு கொரியக் குடும்பம், இரண்டு பஞ்சாபிகள், நான். அவன் பட்டியலில் எல்லார் பெயரும் அச்சில் இருந்தது, என் பெயர் மட்டும் கடைசியில் பேனாவால் எழுதியிருந்தது. "நீங்கள் எங்கள் ஆபீஸ் விருந்தாளி" என்று ஆங்கிலத்தில் சொன்னான். என் ஆங்கிலம் கம்பெனிக்குச் சரக்கு வாங்க வெளிநாட்டுப் பையர் வரும்போது தலையாட்டிக் கற்ற ஆங்கிலம். சரி என்று தலையாட்டினேன்.

பெரிய தபால் ஆபீஸ் பார்த்தோம், ரயில் நிலையம் மாதிரி உயரமான வளைவுக் கூரை. எதிரே மாதா கோயில், சுற்றிச் சாரம் கட்டிப் பழுது பார்க்கிறார்கள். அதிபர் மாளிகை. அப்புறம் போர் மியூசியம். அங்கே இரண்டாவது மாடியோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் படங்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தபோது அந்தக் கொரியப் பெண்ணும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்த ஊரில் சாலையைக் கடப்பது தனி வித்தை. ஆயிரம் ஸ்கூட்டர் வரும்போது நிற்காமல் ஓடாமல் ஒரே வேகத்தில் நடக்க வேண்டும், அவர்கள் விலகிப் போவார்கள். துவான் என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனான்.

சாயங்காலம் அப்பா வந்ததும் கை கால் கழுவுவதற்குள், "இன்னா பாத்தே? மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். தபால் ஆபீஸ் கூரை எவ்வளவு உயரம், மாளிகையில் நாற்காலி என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். ஆறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறவருக்கு நேற்று வந்தவள் சொல்கிறேன்.

"நீங்க இதெல்லாம் பாத்ததே இல்லியா?"

"எங்க நேரம்?" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

இன்று கூச்சி சுரங்கம். போர்க்காலத்தில் மண்ணுக்கடியில் ஊரே வாழ்ந்த இடம். இருபது மீட்டர் தவழ்ந்தேன். உன் அம்மா உடம்புக்கு அது இருநூறு மீட்டர். பாதியில் முட்டி மாட்டிக்கொண்டு, பின்னால் வந்த பஞ்சாபி அண்ணன் "கோ மேடம், கோ" என்று கத்தியதில் வெளியே வந்து விழுந்தேன். அப்புறம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வேர்க்கடலைப் பொடியும் கொடுத்தார்கள். நம் வீட்டு டிபனைப் போர்க்காலச் சாப்பாடு என்று மரியாதையாகச் சாப்பிட்டார்கள் எல்லாரும்.

அங்கே ஒருவர் தரையில் உட்கார்ந்து பழைய லாரி டயரை அறுத்துச் செருப்பு செய்து காட்டுகிறார். ஆணி இல்லை, நூல் இல்லை, துளையில் வாரைச் சொருகி இழுத்து மாட்டுகிறார். நல்ல கை. அவரைச் சுற்றி முப்பது பேர் நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கு உன் அப்பாவைப் பெற்ற தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்புத் தைக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தாரே, அவரை யாரும் படம் எடுத்ததில்லை. காசைக்கூடக் கையில் கொடுக்காமல் பெட்டிமேல் போட்டுவிட்டுப் போவார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"தரையிலயா ஒக்காந்துக்கினு கீறாரு?"

"ஆமா, ஒரு மணை மேல."

"உம்" என்றார். அதற்கப்புறம் சுரங்கத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவர் சட்டையைத் துவைத்தேன். பையில் அந்த அடையாள அட்டை. தேதி முடிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. புதுசு கொடுக்க மறந்திருப்பார்கள். கம்பெனி என்றால் இதெல்லாம் சகஜம்.

நவம்பர் 15, சனி

மெக்காங் ஆறு. பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது ஆறு என்று சொன்னால் நம்ப முடியவில்லை. அக்கரை தெரியாமல் காபி நிறத்தில் தண்ணீர். ஒரு தீவில் தேங்காய் மிட்டாய் செய்கிறார்கள், சுற்றியிருக்கும் அரிசித் தாளையும் சேர்த்தே சாப்பிடலாம். தேன் விட்ட டீ கொடுத்தார்கள். அப்புறம் நாலு பேர் உட்காரும் சின்னப் படகில், இரண்டு பக்கமும் ஓலை கவிந்த கால்வாயில் போனோம்.

படகில் எனக்கு முன்னால் ஒரு வயசான ஜோடி. அவர் அந்த அம்மாளின் கூம்புத் தொப்பி நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டிவிட்டார். அவ்வளவுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு இருந்தேன்.

இன்றைய வழிகாட்டி லியன் என்ற பெண். உன் வயசு. எல்லாரையும் எண்ணிப் படகில் ஏற்றிவிட்டு என்னோடு மட்டும், "ஆன்ட்டி, தனியாக இருக்கிறீர்கள், நான் கூட வருகிறேன்" என்று தொற்றிக்கொண்டாள். அவள் பட்டியலிலும் என் பெயர் பேனாவால்தான்.

அப்பாவுக்கு இருபது மிட்டாய் கொண்டுவந்தேன். தாளோடு சாப்பிட வேண்டும் என்றதும் குழந்தை மாதிரி மூன்று முறை உறுதிப்படுத்திக்கொண்டு வாயில் போட்டார். கட்டைவிரல் நகத்தில் தையல் நூலுக்குப் பூசும் மெழுகு கறுப்பாக ஏறியிருந்தது. சூப்பர்வைசருக்கு மெழுகு நூலோடு என்ன வேலை? அவசரமாக ஏதாவது சாம்பிள் ஷூ தைத்திருப்பார்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று முழுக்க என்னோடு இருந்தார்.

பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போனோம். கத்தோலிக்கக் கோயில், பாஷையும் புரியாது. லுத்தரன் சபைக்காரர்களான நாங்கள் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்தபோது எழுந்தோம். பக்கத்தில் அவர் தோள் இருந்தது. வேறு எதுவும் எனக்குப் புரியத் தேவைப்படவில்லை.

மதியம் சாம்பாருக்குப் புளி இல்லாமல் எலுமிச்சை பிழிந்து சமாளித்தேன். வாங்கிவந்த ஐஸ் காபியை ஒரே டம்ளரில் மாறி மாறிக் குடித்தோம். அப்போது கேட்டேன்.

"கிறிஸ்மஸுக்கு வர்றீங்களா?"

"ஆர்டர் எப்பிடின்னு பாக்கணும், எப்சி."

"அதையேதான் போனவாட்டியும் சொன்னீங்க. அதுக்கு முந்துனவாட்டியும்."

"பெனிக்குப் பரீட்சை எப்போ?" என்று பேச்சை மாற்றினார்.

எனக்குக் கோபம் வந்தது, பெனி. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. இந்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே இவருக்காக ஏங்குகிறேன். ஊரில் இருந்தபோது மூவாயிரம் கிலோமீட்டர் தூரம் என்று ஒரு சமாதானமாவது இருந்தது.

நாங்கள் எப்படிப் பழகினோம் என்று நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய், நான் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன். ஷிப்டுக்குப் போகும்போது கம்பெனி கேட்டில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. அப்பா அப்போது சாம்பிள் ரூமில் இருந்தார். என்னைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வரச் சொல்லி, பையிலிருந்து இரண்டு ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக் கையாலேயே தைத்துக் கொடுத்தார். தையல் முடிகிற இடத்தில் மூன்று துளை பின்னால் வந்து, அதன்மேல் குறுக்கே சின்னதாக ஒன்று போட்டு, முடிச்சை உள்ளே மறைத்தார். அப்படித் தைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் யாரிடமும் பார்த்ததில்லை. உன் தாத்தாவின் வழக்கமாம். அந்த மூன்று தையல் போடாமல் அவர் எதையும் கையிலிருந்து விட்டதில்லையாம்.

"கையால தெச்சேன்னு யாருக்கும் சொல்லாதமே" என்றார். "எங்கப்பன் மாதிரி தரையில ஒக்கார மாட்டேன்னு சொல்லித்தான் கம்பெனிக்கே வந்தேன்."

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அறுந்த செருப்பைக் கொண்டுவந்து இவர் பெஞ்சில் வைப்பார்களாம். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் செருப்புத் தேய்ந்து போனபிறகும் அந்த வாரை மட்டும் வெட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

பெனி, இதிலிருந்து வரும் பக்கங்கள் உனக்கில்லை. எழுதி முடித்ததும் ஓரத்தை ஊசி நூலால் தைத்து மூடிவிடுவேன். நீ பிரிக்கக் கூடாது.

டைநின் என்ற ஊரில் காவோதாய் கோயில். பல மதங்களைச் சேர்த்து ஒரு மதமாம். இளநீலக் கூரையில் நட்சத்திரம், தூணெல்லாம் டிராகன், எங்கே பார்த்தாலும் ஒரு கண். பெண்கள் இடது பக்கமாகவும் ஆண்கள் வலது பக்கமாகவும் நுழைய வேண்டும். நண்பகல் வழிபாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் வெள்ளை உடையில் வரிசையாக உட்கார, நாங்கள் மேலே மாடத்தில் நின்று பார்த்தோம்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தபோது, இன்றும் வழிகாட்டியாக வந்த லியனின் ஷூ ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தேன்.

சோல் பிரிந்து கையால் தைத்திருந்தது. ஒரே அளவுத் தையல். முடிகிற இடத்தில் மூன்று துளை பின்னால் வந்து, குறுக்கே சின்னதாக ஒன்று. முடிச்சு வெளியே தெரியவில்லை.

ஷூவை நேராக வைத்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அவர், "இன்னா பாத்தே? மொதல்லேர்ந்து சொல்லு" என்றார். டிராகன் பற்றிச் சொன்னேன், நட்சத்திரம் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று அரை நாள் டூர், சீனர் பகுதி. கோயில் கூரையிலிருந்து ஊதுவத்திச் சுருள்கள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் பல நாள் எரியுமாம். கிளம்பும் முன் ஆபீஸ் வாசலில் துவானைப் பார்த்தேன். "குட் மார்னிங்" சொல்லிக்கொண்டே அவன் குதிகாலைப் பார்த்தேன். அவன் ஷூவிலும் அதே மூன்று தையல்.

கோயிலில் மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது லியனிடம், "உன் ஷூ எங்கே தைத்தாய்?" என்றேன். அவள் முகம் மாறியது. "ஆன்ட்டி, அவர் சொல்லக் கூடாது என்றிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, சொன்னதே சொன்னதாகிவிட்டது என்று புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆபீஸுக்குப் பின்னால் சந்தில் ஒரு கிழவரின் ஷூ பழுதுக் கடை. கிழவருக்குக் கை நடுக்கம். இரண்டு வருஷமாக அங்கே தைப்பது அவர்கள் இந்தியா மாமா என்று கூப்பிடுகிற உன் அப்பாதான். அந்த ஆபீஸ் வழிகாட்டிகள் நாள் முழுக்க நடக்கிறவர்கள், ஷூ நாலு மாதம் தாங்காது. எல்லார் ஷூவையும் அவர் தைத்துத் தருகிறார், அவர் விசா வேலையை ஆபீஸ் பார்த்துக்கொள்கிறது. போன மாதம் அவர் முதல்முறையாக ஒன்று கேட்டாராம். "என் மனைவி வருகிறாள். வேனில் காலி இடம் இருக்கிற நாளெல்லாம் அவளை ஏற்றிக்கொள்ள முடியுமா? அவள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்."

பேனாவால் எழுதிய என் பெயர் அந்தக் காலி இடம்.

கம்பெனி அவர் வேலை பார்த்த லைனையே மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உன் காலேஜ் பீஸ் ஒரு தடவையும் தள்ளிப்போனதில்லை. தினம் காலையில் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு, என்னை வேனில் ஏற்றிவிட்டு, அடுத்த சந்துக்கு நடந்து போயிருக்கிறார். நான் ஆற்றையும் சுரங்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொய் சொன்னாரே என்று கோபம் வரவில்லை. இரண்டு வருஷம் இதைத் தனியாக வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நாளை மறுநாள் எனக்கு விமானம். தெரியாதவள் மாதிரியே கிளம்பிவிட்டால் அவர் மானம் அவரிடமே இருக்கும். ஆனால் அவரும் இங்கேயே இருந்துவிடுவார். அட்டை போட்ட ஆள் ஊருக்கு வந்து என்ன சொல்லுவார்?

நவம்பர் 19, புதன்

இன்று கடற்கரைக் காட்டுக்கு டூர், குரங்குகள் எல்லாம் உண்டாம். வேன் வந்தது, அவர் என்னை ஏற்றிவிட்டுப் போனார். அவர் மறைந்ததும் இறங்கிக்கொண்டேன். லியன் சந்தின் பக்கம் கையை மட்டும் காட்டினாள்.

பையிலிருந்து தையல் பிரிக்கிற பிளேடை எடுத்தேன். அது இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை என்று உனக்குத் தெரியும். வலது செருப்பின் வாரை அறுத்தேன். நல்ல செருப்பு, போன கிறிஸ்துமஸுக்கு வாங்கியது.

காலை இழுத்து இழுத்து நடந்தேன். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கிழவர் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தரையில், ஒரு மணை மேல், பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உன் அப்பா. அடையாள அட்டை ஒரு ஆணியில் தொங்கியது. எனக்கு முன்னால் ஒரு ஆள் ஷூ வாங்கிக்கொண்டு போனான். நான் போய் நின்றேன்.

அவர் நிமிரவில்லை. அந்த வேலையில் யாரும் நிமிர்வதில்லை, முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். நான் காலைப் பெட்டிமேல் வைத்தேன்.

கை நின்றது. என் கணுக்காலில் அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்பு இருக்கிறதே, அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். அப்படியே வைத்திருந்தார். ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டே இருந்தன.

"கொரங்கு பாக்கப் போவலியா?" என்றார், தலை நிமிராமலே.

"வார் அந்துபோச்சு. எப்பிடிப் போறது?"

வாரை எடுத்துப் பார்த்தார். "இது அந்தது இல்ல. அறுத்தது."

"தெரியுதில்ல? தைங்க."

அப்போதுதான் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "எப்போலேர்ந்து தெரியும்?"

"திங்கக்கெழமைலேர்ந்து. ஊர்ல கீற ஷூவுல எல்லாம் மூணு தையல் போட்டு வெச்சிருந்தா எனக்குத் தெரியாதா?"

"வுட்றலாம்னு பாத்தேன், எப்சி. நீ வர்றேன்னதும் அந்த மூணு தையல மட்டும் போடக் கூடாதுன்னு நெனச்சேன். கை கேக்கல." வாரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பன் நடந்து வந்து ஒக்காந்த எடம். நான் ஏரோப்ளேன் ஏறி வந்து ஒக்காந்திருக்கேன்" என்றார்.

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். புடவை அழுக்காயிற்று.

"பெனி என்னாண்ட ஒரே ஒரு கேள்விதான் கேக்கறா. அப்பா எங்க ஒக்காந்துக்கினு கீறாருன்னு கேக்கல. எப்ப வருவாருன்னுதான் கேக்கறா."

அவர் நூலுக்கு மெழுகு போட்டார். இரண்டு ஊசியும் கோத்துத் தைக்க ஆரம்பித்தார். நான் வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தைக்கத் தைக்க அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்த முகம்தான், நடுவில் இருபத்திநாலு வருஷம் போயிருந்தது. கடைசித் துளைக்கு வந்து, பின்னால் திரும்ப ஊசியைக் குத்தப் போனார். செருப்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இன்னாமே, முடியல இன்னும். அந்த மூணு போடலேன்னா நிக்காது. நாலு நாள்ல பிரிஞ்சுடும்."

"தெரியும். அத வூட்டுக்கு வந்து போடுங்க."

"எப்சி."

"மெதுவா நடக்கறேன். கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்கும்."

ஊசி இரண்டும் நூலில் தொங்கின. அவற்றைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டேன். அவர் வருகிறேன் என்று சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. கிழவர் எப்போது விழித்தார் என்று தெரியாது, இரண்டு பிளாஸ்டிக் முக்காலியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்துக் கடையை மூடத் தொடங்கினார்.

சாயங்காலம் ஆற்றில் ஓடும் பயணிகள் படகில் இருவரும் போனோம். ஆறு வருஷத்தில் அவர் பார்த்த முதல் காட்சி இதுதான். பாலத்தையும் கட்டடங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டி, "அது இன்னா? இது இன்னா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

நவம்பர் 20, வியாழன்

விமானம் ஏறிவிட்டேன். வாசல்வரை வந்து நின்றார். திரும்பிப் பார்த்தபோது என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 3, ஆம்பூர்

நூல் தொங்குகிறது. பெனி வேலூர் நர்சிங் காலேஜிலிருந்து வந்து டைரி கேட்டாள். அப்பா வந்ததும் தருகிறேன் என்றேன். "வர்றாராம்மா?" என்றாள். அடுப்பில் பால் பொங்கியது, போய்விட்டேன்.

டிசம்பர் 11

ஒரு தையல் பிரிந்தது.

டிசம்பர் 17

இன்னும் இரண்டு. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு கோயிலிலிருந்து நடந்து வந்தேன். போனில், "ஆர்டர் எப்பிடி?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் மெதுவாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையாகவும் இருந்திருக்கலாம். அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

டிசம்பர் 23

காலையில் பாலுக்குப் போகச் செருப்பைத் தேடினேன். வாசலில் இல்லை. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று கதவைத் திறந்தேன்.

வாசற்படிக்குக் கீழே, தெருவில், தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பயணப் பெட்டி இன்னும் திறக்காமல் இருந்தது, விமானச் சீட்டு ஒட்டியபடி. கழுத்தில் அட்டை இல்லை. மடியில் என் செருப்பு.

"கதவத் தட்டக் கூடாதா?"

"இத முடிச்சுக்கினு தட்டலாம்னு பாத்தேன்" என்றார். "ஏமே, எத்தினி பிரிச்சு வெச்சிருக்கே."

தெருவில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனிக்குப் போகிற பெண்கள் சைக்கிளை நிறுத்தினார்கள். எதிர்வீட்டு லாசர் அண்ணன், "ஜீவா, எப்ப வந்தே? இன்னா இது, தெருவுல?" என்றார்.

"செருப்பு தெக்கறேண்ணா" என்றார் அவர். கை நிற்கவில்லை.

சத்தம் கேட்டு பெனி ஓடி வந்தாள். அழுதாள், கட்டிக்கொண்டாள், எல்லாம் ஆயிற்று. சைகோனில் நான் அந்த டைரியும் ஊசி நூலுமாக உட்கார்ந்ததைப் பார்த்திருந்த அவர், என்னிடம் அதைக் கேட்டார். நான் தைத்து மூடியிருந்த பக்கங்களை என் பிளேடாலேயே பிரித்து அவள் கையில் கொடுத்தார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். அவர் தலையைக் குனிந்து மூன்று துளை பின்னால் வந்துகொண்டிருந்தார்.

படித்து முடித்ததும் பெனி எழுந்தாள். உள்ளே போய் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப் போகும் தன் வெள்ளை ஷூவை எடுத்து வந்தாள். சோல் ஒன்றும் பிரியவில்லை, நான் பார்த்தேன். அதை அவர் முன்னால் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் வரிசையில் நின்றாள்.